கண்ணு கூசாத லைட்டு

வாங்க, வாங்க, உக்காருங்க. பாத்துங்க, அந்தப் பக்கம் ட்ரைபாட் நிக்குது, கால்ல இடிச்சுக்காதீங்க. கரண்டு இல்லீங்க. பராமரிப்புன்னு காலைல நிறுத்துனாங்க, சாயங்காலந்தான் வருமாட்டம் இருக்குது. ஜன்னலைத் தொறக்கலாம்னா, எடிட்டிங் ரூமு இருட்டா இருக்கோணும்னு நானே கருப்புத் துணியப் போட்டு ஆணி அடிச்சு வெச்சிருக்கறேன். ஆணி அடிக்கறப்ப, கரண்டு போனா என்ன பண்றதுன்னு தோணல. நம்ம புத்தி அவ்வளவுதானுங்க. படிக்கட்டுப் பக்கமிருந்து வார வெளிச்சத்துல நீங்க உக்காந்திருக்கறது தெரியுது, மூஞ்சி தெரியல. பரவாயில்லீங்க, பேசறதுக்கு வாயும் காதும் இருந்தாப் போதும்.

பொண்ணுக்குக் கல்யாணம், வீடியோ எடுக்கோணும். சரிங்க. ஆவணி பொறந்த மறுநாளே வந்துட்டீங்க, நல்ல சகுனம். ஆடி பூரா ஈ ஓட்டிட்டிருந்தேன். அப்புறம் என்ன கேட்டீங்க? என்ன லைட்டு வெச்சிருக்கறேன்னா?

ஐயா, கீழ போர்டுல பாத்திருப்பீங்க, பூபாலன் வீடியோஸ்னு. அந்தப் பூபாலன் நாந்தான். காங்கேயத்துல பதினஞ்சு வருசமா இந்தத் தொழில் பண்றனுங்க. வாரவங்க மொதல்ல ரேட்டு கேப்பாங்க. அப்புறம் ட்ரோன் வருமான்னு கேப்பாங்க. மண்டபத்துக்குள்ள கல்யாணம் வெக்கறவங்களும் ட்ரோன் கேப்பாங்க. கேமரா மேல என்ன லைட்டு மாட்டுவேன்னு இந்தப் பதினஞ்சு வருசத்துல ஒருத்தருங் கேட்டதில்ல. ஒரே ஒருத்தரைத் தவிர.

அந்த ஒருத்தராலதானுங்க எம்பட நிம்மதி போச்சு. லைட்டால ஒரு சீசன் போச்சுன்னு வெளிய சொல்லிக்கறேன். சீசன் போனா அடுத்த தைக்கு வரும். போனது சீசனில்லீங்க, ஒரு ஆளு. டீ சொல்லட்டுங்களா? சக்கரை இல்லாமயா? சரிங்க. கீழ கடைல சத்தம் போட்டாக் கொண்டாருவாங்க.

கதையக் கேளுங்க. நான் எவ்வளவு வெவரமான ஆளுன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்.

தை மாசத்து முகூர்த்தத்துக்குன்னு கோயமுத்தூர் போயி லைட்டு வாங்கினேன். பேட்டரில எரியறது, கேமரா தலை மேல மாட்டிக்கறது. எப்படிப் பாத்து வாங்கினேன்னு கேளுங்க. பல்பு எண்ணி வாங்கினேன். அதுல சின்னச் சின்ன பல்பா வரிசையா இருக்குமுங்க. எதுல பல்பு எச்சா இருக்குதோ அதுதான் ஒசத்தின்னு முடிவு பண்ணிட்டேன். கடைக்காரரு பாவம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கற திருகு வெச்ச லைட்டு ஒண்ணை எடுத்துக் காட்டினாரு. "குறைக்கறதுக்கா காசு குடுத்து வாங்கறது?"ன்னு கேட்டவனுங்க நானு. அந்த மனுசன் பெரிய லைட்டை அட்டைப் பொட்டில போட்டுக் குடுத்துட்டாரு.

அதை மாட்டிக்கிட்டு மேடையேறினா, மொத வரிசைல இருக்கற ஒறம்பரைச் சனமெல்லாம் கைய நெத்திக்கு மேல வெச்சுக்கிட்டுப் பாப்பாங்க. வெயில்ல நின்னு ஆட்டைத் தேடற மாதிரி. நான் அதைய மரியாதைன்னு நெனச்சேன். நெசமாத்தானுங்க. நம்மளை இவ்வளவு உத்துப் பாக்கறாங்களேன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னேன்.

வெள்ளகோயில் பக்கம் ஒரு கல்யாணம். இணைச்சீர் நடக்குது. மாப்பிள்ளையோட கூடப்பொறந்தவளைப் பொண்ணாட்டமே சோடிச்சு, கூறைச்சேலைத் தலைப்பைப் புடிக்க வெச்சுப் பண்ற சீரு, உங்களுக்குத் தெரியாததா. மாப்பிள்ளையோட அக்கா நிக்குது. சீர் பண்ணி வெக்கற அருமைக்காரரு நிக்கறாரு, வயசானவரு. நான் கிட்டக்கப் போயி நெருங்கி லைட்டைப் புடிச்சுட்டேன். அந்தப் பெரியவரு கண்ணைத் தொறக்க முடியாம, மாப்பிள்ளை நெத்திக்குப் போக வேண்டிய திருநீறை மூக்குல வெச்சுட்டாரு. மாப்பிள்ளை தும்மிட்டான்.

சீர் நடுவுல தும்மல்! அபசகுனமாச்சே. பெருசுகளெல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குதுங்க. மாப்பிள்ளையோட அம்மா கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நான் என்ன பண்ணினேன்? நல்ல ஷாட்டுன்னு அந்தம்மா மூஞ்சிக்குப் போயி லைட்டைப் புடிச்சேன்.

அப்பத்தான் அவங்க மேடையேறி வந்தாங்க. கோகிலவாணி. பெருந்துறைல பார்லர் வெச்சிருக்கறவங்க, பொண்ணு அலங்காரத்துக்கு இந்தச் சுத்துல அவங்களத்தான் கூப்பிடுவாங்க. எடது புருவத்தை மட்டும் ஒரு தூக்குத் தூக்கினாங்க. அது ஒரு பழக்கம் அவங்களுக்கு. அந்தப் புருவம் மேல போச்சுன்னா சமையக்காரரு கூடக் கரண்டியக் கீழ வெச்சுருவாரு. தோள்ல கெடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, எம்பட லைட்டு மேல போத்தி விட்டாங்க. "இப்ப எடுங்க"ன்னாங்க. கொழந்தைக்குப் போத்தற மாதிரி போத்தினாங்களா, மண்டபமே சிரிச்சுருச்சு. மாப்பிள்ளை சிரிச்சான், அவிய அம்மாளும் அழுதுக்கிட்டே சிரிச்சுது. தும்மினது மறந்தே போச்சு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அதுலயும் "எடுங்க"ன்னு மொட்டையாச் சொன்னாங்க பாருங்க. எல்லாத்தையும் அண்ணான்னு கூப்பிடறவங்கதான். ஸ்டில் கேமரா புடிக்கற நம்ம கூட்டாளி தங்கராசை அண்ணாங்கறாங்க, தவில்காரரை அண்ணாங்கறாங்க, கார் ஓட்டிட்டு வந்தவரை அண்ணாங்கறாங்க. என்னைய மட்டும் ஒரு நாளும் கூப்பிட்டதில்ல. அவ்வளவு எளக்காரம்.

என்னங்க இருமறீங்க? தண்ணி குடிக்கறீங்களா? டீ இப்ப வந்துரும்.

வீம்புக்கு, தாலி கட்டற நேரத்துல துண்டை எடுத்துப் போட்டேன். அதனால அந்த வீடியோவுல மாப்பிள்ளை கண்ணு மூடியிருக்குது, பொண்ணு கண்ணு மூடியிருக்குது, ரெண்டு பக்கத்துச் சம்பந்தியும் மூடியிருக்கறாங்க, பின்னால தவில்காரரு மூடிட்டேதான் அடிக்கறாரு. "எல்லாரும் சாமியக் கும்பிடறாங்க"ன்னு சொல்லிப் பொண்ணோட அப்பாகிட்டக் குடுத்தேன். அவரும் "என்ன ஒரு பக்தி"ன்னு வாங்கிட்டுப் போனாரு. நல்ல மனுசன்.

தங்கராசு சொன்னான், "பூபாலா, துண்டு போத்தினப்ப எடுத்தது மட்டும் மூஞ்சி மூஞ்சியா இருக்குதடா"ன்னு. லென்ஸ் நல்லதுடான்னு சொல்லி அவன் வாய அடைச்சுட்டேன்.

மாசில வேற லைட்டு வாங்கினேன். அவங்க பண்ணினதுக்காக இல்லீங்க, அதைய மொதல்லயே சொல்லிப் போடறேன். கழுத்து வலி. பெரிய லைட்டு கனம் தாங்கல. இந்த வாட்டி சட்டைப் பையில போட்டுக்கற மாதிரி தக்கனூண்டு லைட்டு. பேட்டரி உள்ளயே இருக்கும், தனியாக் கழட்ட முடியாது. சார்ஜ் தீந்தா லைட்டையே எடுத்துக்கிட்டு மண்டபம் பூரா பிளக்கைத் தேடோணும். எங்கயும் இல்லாம, பந்தி நடக்கற எடத்துல சாம்பார் வாளிக்குப் பக்கத்துல மாட்டி வெச்சுட்டு, அதுக்குக் காவல் நின்னிருக்கறேன். மேடைல ஆரத்தி எடுக்கறாங்க, வீடியோக்காரன் சாம்பாரைப் பாத்துட்டு நிக்கறான்.

அது கூடப் போகட்டுமுங்க. அந்த லைட்டு போட்ட வெளிச்சம் நீலம் பாஞ்சு கெடந்துது. அதுல மனுசத் தோலெல்லாம் பச்சையடிக்குது. குங்குமம் சேத்து நெறத்துல தெரியுது. எனக்குத் தெரியலீங்க. எல்லாருங் கண்ணைத் தொறந்திருக்கறாங்களேங்கற சந்தோசத்துல இருந்துட்டேன்.

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு பொண்ணு, அலங்காரம் கோகிலவாணி. அதோட பெரியம்மா வீடியோவைப் பாத்துட்டு, "என்ன கெரகத்தப் பூசி விட்டா அவ, புள்ள மூஞ்சி பாசி புடிச்சாப்பல இருக்குது"ன்னு ஊரெல்லாம் சொல்லிப் போடுச்சு. என்னைய ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல. கோகிலவாணிக்குப் பேசி வெச்சிருந்த கல்யாணமெல்லாம் ஒவ்வொண்ணாக் கை மாறிப் போச்சு.

அப்பத்தான் ஒரு நாளு இந்தப் படியேறி வந்தாங்க. இப்ப நீங்க உக்காந்திருக்கறீங்களே, அந்த நாற்காலியப் புடிச்சுக்கிட்டே நின்னாங்க. உக்காரச் சொன்னேன், உக்காரல. சத்தம் போடுவாங்கன்னு பாத்தேன், அதுவும் இல்ல. மெல்லப் பேசினாங்க. "விடியறதுக்கு முன்னால எந்திரிச்சுப் போயி, ஒரு புள்ளையோட மூஞ்சிய நான் பாத்துப் பாத்துக் கொண்டாரேன். நீங்க ஒரு லைட்டைப் போட்டு அதைய அழிச்சுப் போடறீங்க. இனி நீங்க இருக்கற மண்டபத்துல நான் இருக்க மாட்டேன்" அப்படின்னாங்க. கண்ணு கலங்கியிருந்துது. அப்பவும் அண்ணான்னு சொல்லல பாருங்க.

நான் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கோணும். என்ன கேட்டேன் தெரியுங்களா? "டீ சாப்பிடறீங்களா?"ன்னேன். அவங்க படியெறங்கிப் போன சத்தம் இன்னும் காதுல கேக்குதுங்க.

சொன்ன மாதிரியே பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் நான் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மொதல்ல மேக்கப் ரூம் கதவைத்தான் பாப்பேன். வேற யாராவது பவுடர் டப்பாவோட வெளிய வருவாங்க. தொழில் விசயமாத்தான் பாத்தனுங்க. லைட்டு சரியில்லன்னா சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்களா? யாரும் புருவத்தைத் தூக்காத மண்டபத்துல எப்படி வேலை செய்யறது? சிரிக்காதீங்க ஐயா. வேலையில மனசே நிக்கல. ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளைய விட்டுட்டு மாப்பிள்ளைத் தோழனையே கடைசி வரைக்கும் எடுத்துட்டேன்.

பங்குனி பொறந்ததும் மறுபடி கோயமுத்தூர் போனேன். இந்த வாட்டி பல்பு எண்ணலீங்க. வீட்டுல இருந்து ஒரு காயிதத்துல குங்குமம், ஒரு காயிதத்துல மஞ்சத்தூள், எங்கம்மாவோட கூறைச்சேலை, ரெண்டு மொழம் மல்லிகப்பூ எடுத்துக்கிட்டுப் போனேன். கடை மேசை மேல எல்லாத்தையும் பரப்பி வெச்சேன். ஒவ்வொரு லைட்டாப் போடச் சொன்னேன். அதே கடைக்காரரு. அவரு என்னையும் பாக்கறாரு, குங்குமத்தையும் பாக்கறாரு. "ஏனுங்க, லைட்டுக்குப் பூசை போடறதுன்னா வாங்கினதுக்கப்புறம் ஊட்டுல போட்டுக்கலாங்களே"ன்னாரு. கடைல இருந்தவங்கெல்லாம் செருப்பைக் கழட்டாத கொறைதான்.

நான் அசரலீங்க. ஒரு லைட்டுல குங்குமம் மொளகாத்தூளாட்டம் தெரிஞ்சுது, தள்ளுன்னேன். ஒண்ணுல மஞ்சள் வெளுத்துப் போச்சு, தள்ளுன்னேன். ஒண்ணுல எல்லாம் நல்லாத்தான் இருந்துது, என்ற உள்ளங்கைய நீட்டிப் பாத்தா செத்தவன் கை மாதிரி இருந்துது. அதையும் தள்ளிட்டேன். மத்தியானம் தாண்டறப்ப ஒண்ணு கெடச்சுது. உள்ளங்கை அளவு. குங்குமம் குங்குமமா இருந்துது, கை கையா இருந்துது. பால் நெறத்துல ஒரு மூடி, வெளிச்சம் அதுக்குள்ள இருந்து கசிஞ்சு வரும். மண்டபத்து பல்புக்குத் தகுந்தாப்பல மஞ்சளாவோ வெள்ளையாவோ மாத்திக்கற திருகு. கேமராவுக்குப் போடற அதே பேட்டரியே இதுக்கும் போடலாம், அதனால சாம்பார் வாளிக்குக் காவல் நிக்க வேண்டாம். பாதி வெளிச்சத்துல வெச்சா ஒரு பேட்டரி இணைச்சீர்ல இருந்து தாலி வரைக்கும் தாங்கும். குறைக்கற திருகும் இருந்துது. மொத நாளு அந்த மனுசன் எடுத்துக் காட்டினாரே, அதே லைட்டுங்க.

அங்கிருந்து நேரா பஸ் ஏறி ஊட்டுக்குத்தான் வந்திருக்கோணும். பெருந்துறை பஸ்ல ஏறிப் போயி எறங்கிட்டேன். கேமராவுல லைட்டை மாட்டினேன். பார்லர் கதவைத் தொறந்துக்கிட்டு உள்ள போயிட்டேன். ஐயா, லேடீஸ் பார்லருக்குள்ள கேமராவும் லைட்டுமாப் போன ஒரே ஆம்பளை இந்த ஜில்லாவுல நாந்தான். மூஞ்சில வெள்ளரிக்காய வெச்சுப் படுத்திருந்த ஒரு அம்மா எந்திரிச்சுப் போட்ட சத்தத்துல ரெண்டு வெள்ளரித் துண்டும் என்ற சட்டை மேல வந்து ஒட்டிக்கிச்சு. கோகிலவாணி கை பூரா க்ரீமோட ஓடி வந்தாங்க. வெளிய தள்ளத்தான் வந்தாங்க. வாசல்ல நிக்க வெச்சுப் புருவத்தைத் தூக்கினாங்க. நான் வேற ஒண்ணும் தெரியாம, லைட்டைப் போட்டேன். "கூசுதுங்களா?"ன்னு கேட்டேன்.

அவங்க நேரா லைட்டைப் பாத்தாங்க. கண்ணைக் கொட்டலீங்க. அந்த மூஞ்சிய நான் அத்தனை கல்யாணத்துல பாத்திருக்கறேன், எப்பவும் ஒரு பொண்ணுக்குப் பின்னால, பொட்டைச் சரி பண்ணிக்கிட்டோ பூவைச் சொருகிக்கிட்டோ. நேர் வெளிச்சத்துல அன்னைக்குத்தான் பாத்தேன். பதினஞ்சு வருசம் தொழில் பண்றவன், ரெக்கார்டு பட்டனை அமுக்க மறந்துட்டேன்.

"இப்பத்தான் லைட்டு"ன்னாங்க. அப்புறம், "அடுத்தவங்க மூஞ்சியவே பாத்துட்டிருக்கறீங்களே, இந்த லைட்டுல உங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு என்னைக்காவது பாத்திருக்கறீங்களா?"ன்னாங்க. கதவைச் சாத்திட்டாங்க. நான் ரெண்டு நாளா சவரம் பண்ணல, அதைத்தான் குத்திக் காட்டறாங்கன்னு புரிஞ்சுது. அன்னைல இருந்து தினமுஞ் சவரம் பண்றேன். ஆனா அதுக்கு மேல ஒண்ணும் இல்லீங்க. வைகாசில ரெண்டு மண்டபத்துல திரும்ப வந்தாங்க, வேலையப் பாத்தாங்க, போனாங்க. நான் என்னத்தைப் போயிக் கேக்கறது? கேக்கற ஆளா இருந்தா நான் எதுக்கு லைட்டு லைட்டா வாங்கறேன்?

ஆனில தங்கராசு சொன்னான், அவங்க ஊட்டுல மாப்பிள்ளை பாக்கறாங்களாம்னு. நல்லதுதானுங்களே. வீடியோவுக்குக் கூப்பிட்டா காசு வாங்காம எடுத்துக் குடுப்பேன்னு சொன்னேன். பொய்யிங்க. என்னால அங்க போயி நிக்க முடியாது. எத்தனையோ பேரு தாலி கட்டறதை ஆடாம அசையாம எடுத்திருக்கறேன். அந்தக் கை அன்னைக்கு ஆடிரும்.

போகட்டும் விடுங்க. உங்க கதைக்கு வாரேன். மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?

வீடியோ எடுக்கறவரா?

ஐயா, கேட்டதுனால சொல்றேன், தப்பா நெனச்சுக்கப்படாது. வீடியோக்காரனுக்குப் பொண்ணு குடுக்கறதுன்னா யோசிச்சுக் குடுங்க. ஊரு பூரா விசேசம் நடக்கற அன்னைக்கு அவன் ஊட்டுல இருக்க மாட்டான். கடைசிப் பந்தில ரசஞ்சோறு தின்னு வயித்தைக் கெடுத்துட்டு வருவான். வந்ததும் பொண்டாட்டி சாப்பிட்டாளான்னு கேக்க மாட்டான், பேட்டரிய சார்ஜ்ல போடுவான். என்னையவே எடுத்துக்கங்க. நல்ல லைட்டு எதுன்னு தெரிஞ்சுக்கவே எனக்கு மூணு மாசம் ஆச்சு. இந்த மாதிரி ஆளுகிட்ட ஒரு புள்ளையக் குடுத்தா வெளங்குமா?

எந்த ஊருங்க அவரு? காங்கேயமா? காங்கேயத்துல எனக்குத் தெரியாத வீடியோக்காரனா? முருகேசனுக்குப் போன வருசமே ஆயிருச்சு. செல்வராசுக்குப் புள்ளையே பள்ளிக்கோடம் போகுது. புதுசா எவனாவது கடை போட்டிருக்கறானாட்டம் இருக்குது. நான் விசாரிச்சுச் சொல்றேன், நீங்க அவசரப்பட்டு வாக்குக் குடுத்துராதீங்க.

லைட்டைப் பாக்கோணுமா? தாராளமா. இதா, இதுதானுங்க. இப்படிக் கேமரா தலைல மாட்டி, இந்தத் திருகை இப்படித் திருப்பினா... நேராப் பாருங்க. பயப்படாதீங்க, கூசாது. பாத்தீங்களா? இந்த ஸ்கிரீன்ல உங்க மூஞ்சி எப்படித் தெரியுதுன்னு நான் பாத்துச் சொல்...

ஐயா.

அந்தப் புருவத்தை ஒருக்கா எறக்கிட்டு மறுபடி தூக்குங்க. எடது மட்டும்.

நீங்க... பெருந்துறைங்களா?

ஐயோ. என்னென்னத்தைப் பேசிப் போட்டேன்! சாம்பார் வாளியெல்லாம் சொன்னனே. பார்லருக்குள்ள போனதையுமில்ல சொல்லிட்டேன். உங்க பொண்ணு முன்னாலயே சொல்லிருச்சுங்களா? எல்லாமா? ஆடி முடியட்டும்னுதான் இருந்தீங்களா? அட, நான் சொன்னேனே, வீடியோக்காரனுக்குக் குடுக்காதீங்கன்னு, அதைய மட்டும் கணக்குல எடுத்துக்காதீங்க. அது பொதுவாச் சொன்னது. முருகேசனை மனசுல வெச்சுச் சொன்னது.

கேமராவை எதுக்குங்க இந்தப் பக்கம் திருப்பறீங்க? வேண்டாமுங்க, எனக்கு அந்தப் பக்கம் நின்னு பழக்கமே இல்ல. அதுதான் சொல்லி அனுப்புச்சுங்களா? லைட்டைப் போட்டு மூஞ்சியப் பாத்துட்டு வாங்கப்பான்னு?

பாருங்க. பாத்துக்கங்க. இன்னைக்கும் சவரம் பண்ணியிருக்கறேன். இல்லீங்க, கண்ணை மூடல. தொறந்துதான் இருக்கறேன், தலைதான் தானாக் குனிஞ்சுக்குது.

கண்ணு கூசலீங்க மாமா. வெக்கமா இருக்குது, அவ்வளவுதான்.